இரண்டு கதவு வண்டியும் நான்கு கதவு வண்டியும்

தம்பி,

நீ நன்றாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை தளியில், பெண் வீட்டில், உன் நிச்சயதார்த்தத்தில் என் மகனைக் கண் நிறையப் பார்த்தேன். அதனால் சுகம் விசாரிக்கும் வரிகளை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்தன்று நீ ஓட்ட, பெரியப்பா முன்னால் உட்கார, நானும் கல்யாணப்பெண் ரூபாவும் பின்னால் ஏறிக்கொண்டு, மண்டபத்திலிருந்து வீடு வரை உன் ஹெரால்டு காரில் வர வேண்டும் என்று அத்தனை பேர் எதிரில் கேட்டாய். நானும் தலையை ஆட்டிவிட்டேன். கூட்டத்தில் வேறென்ன செய்வது? ஆனால் அந்த வண்டியில் நான் ஏற மாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகப் போகும். கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிச் சுற்றி விரல் மரத்துக் கிடக்கிறது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

நீ அந்த வண்டியைத் தேடிக் கண்டுபிடித்த கதையை எத்தனையோ முறை சொல்லிவிட்டாய். உன் அப்பா விற்ற வண்டி, கைமாறிக் கைமாறி ராயக்கோட்டையில் ஒரு தக்காளி மண்டிக்காரரின் கொட்டகையில் கிடந்தது. பின் சீட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கூடை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நீ பெங்களூருக்கு இழுத்துப்போய், வருஷக்கணக்கில் சனி ஞாயிறெல்லாம் அதன் அடியில் படுத்துக் கிடந்து, பழையபடி பச்சையும் வெள்ளையுமாக ஆக்கிவிட்டாய். அப்பா போன துக்கத்தை அதில் ஆற்றிக்கொள்கிறாய் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்க்க வரும் நேரமும் அதற்குத்தான் போனது. வண்டி அழகாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். தக்காளிக் கூடைகள் இறங்கி ஏறுவதற்கு அதில் யாரும் தடை சொல்லியிருக்க மாட்டார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

நிச்சயத்தன்று பெண் வீட்டார் முன்னால் இரண்டு வண்டியையும் ஒப்பிட்டுப் பேசினாயே, அதற்கு வருகிறேன். எங்கள் வீட்டில் முதலில் ஒரு குட்டி ஹெரால்டு இருந்தது, பிறகு கப்பல் மாதிரி ஒரு கான்டெசா வந்தது என்று ஆரம்பித்தாய். குட்டி வண்டியில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தோம், பெரிய வண்டி வந்ததும் ஆளுக்கொரு ஜன்னல், ஆளுக்கொரு திசை என்றாகிவிட்டது, அது வந்துதான் எங்கள் குடும்பம் உடைந்தது என்றாய். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவர்கள் முகம் வாடியதும் சிரிக்க வைக்க ஒரு கதையை எடுத்தாய். உனக்கு நாலு வயது. சூளகிரி தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தியது, பெரியப்பா உனக்குக் கோலி சோடா வாங்கிக் கொடுத்தது, குண்டு உள்ளே விழுந்த சத்தம், அப்பா உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டது. "எங்கம்மாவுக்கு அந்த வண்டி மேல அவ்ளோ ஆசைங்க. நிறுத்துனாக்கூட இறங்க மாட்டாங்க. நாங்க எல்லாம் மரத்தடியில நிக்கறோம், இவங்க மட்டும் உள்ளயே உக்காந்துட்டு இருக்காங்க." எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பா எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார். நீ என் பக்கம் திரும்பி, "இல்லையாம்மா?" என்று கேட்டாய்.

அன்றைக்குத்தான் தம்பி, உன் காவேரிப்பட்டினத்துப் பாட்டி செத்துப்போனாள்.

உனக்குத் தெரியாது. நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அதற்காக உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் இப்போது உனக்கு நாலு வயதில்லை. அன்று காலையில் என்ன நடந்தது என்று கேள். என் அம்மாவுக்குக் கையும் காலும் இழுத்துக்கொண்டது, பேச்சு குழறுகிறது, என் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள் என்று எங்கள் தெருக்காரர் ஒருவர் முதல் பஸ்ஸில் ஓசூருக்கு வந்து சொன்னார். "இப்பவே எங்கூட கெளம்பி வந்துடும்மா, அடுத்த பஸ்ஸப் புடிச்சிடலாம்" என்றார். நான் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். உள்ளேயிருந்து பெரியப்பா வந்தார். "நம்ம வாசல்ல காரு நிக்கும்போது நம்ம வீட்டுப் பொம்பள பஸ்ல போயி எறங்குனா காவேரிப்பட்டினத்துல என்னா பேசுவாங்க? நீங்க போங்க, பின்னாலயே நாங்க கூட்டினு வர்றோம்" என்றார். அப்போது தொழிற்பேட்டை வந்து ஊரே மாறிக்கொண்டிருந்தது. நம் தெருவில் கார் இருந்த வீடு நம்முடையது ஒன்றுதான். அந்தப் பெருமையைக் காட்ட அவர்களுக்கு ஒரு சாவு வீடு கிடைத்தது என்றுதான் இப்போது தோன்றுகிறது. வந்தவர் தனியாகப் பஸ் ஏறிப் போனார். அவர் போய்ச் சேர்ந்தபோது என் அம்மாவுக்கு உயிர் இருந்தது.

நாங்கள் கிளம்பவே வெயில் ஏறிவிட்டது. உன் அப்பா ஓட்டினார், பெரியப்பா முன்னால், நீ அவர் மடியில், நான் பின்னால். எப்போதும் அதுதான் வரிசை. ஹெரால்டில் இரண்டே கதவு. பின்னால் உட்கார்ந்தவர் இறங்க வேண்டுமென்றால் முன்னால் இருப்பவர் இறங்கி, சீட்டை முன்பக்கம் மடக்கி வழி விட வேண்டும். அப்பா பக்கத்து சீட்டு மடங்காது. நமக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் ஏதோ உடைந்தது என்று கம்பி போட்டுக் கட்டிவிட்டார், நம் வீட்டில் யாரும் அதைச் சரி செய்யவில்லை. பின்னால் இறக்கிவிடக் கண்ணாடியும் கிடையாது. ஆகவே எனக்கு இருந்தது ஒரே வழி, அது பெரியப்பாவின் சீட்டு. அவர் எனக்கு மூத்தார், புருஷனின் அண்ணன். மூத்தார் எதிரில் நிற்கக்கூடாது, அவர் உட்கார்ந்த இடத்தில் உட்காரக்கூடாது, அவர் பொருளில் கை படக்கூடாது என்று கல்யாணம் ஆன முதல் வாரமே எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் அது பெரிய கஷ்டமாக இருந்ததில்லை. அவர் கூடத்துக்கு வந்தால் நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன். இரண்டு கதவு வண்டிக்குள் பின்கட்டு எங்கே இருக்கிறது?

சூளகிரி தாண்டியதும் பெரியப்பா நிறுத்தச் சொன்னார். பாறை நிலம் வைத்திருந்த ஒருவரைப் பார்க்க வேண்டுமாம். கிரானைட் தொழில் அப்போதுதான் அந்தப் பக்கம் தலையெடுத்துக்கொண்டிருந்தது. "ஒரு நிமிஷம் பேசிட்டு வந்துடறேன்" என்று இறங்கி, தோளில் இருந்த துண்டை எடுத்து சீட்டின் முதுகில் விரித்துப் போட்டார். அது அவர் பழக்கம். எந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாலும் துண்டு அங்கே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். உன்னையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார். சீட்டை மடக்கி எனக்கு வழி விட்டுப் போக வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, உன் அப்பாவுக்கும் தோன்றவில்லை.

முதலில் மரத்தின் நிழல் வண்டிமேல் இருந்தது. பிறகு நகர்ந்துவிட்டது. உள்ளே கொதித்தது. அவர்கள் ஒரு கல்லை உருட்டி உருட்டிப் பார்த்தார்கள். யாரோ தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கருப்பு நிறத்தைக் காட்டினார்கள். அப்போது கிருஷ்ணகிரி பக்கம் போகும் பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. கையைக் காட்டினால் நிறுத்துவான், அந்தக் காலத்தில் எங்கு வேண்டுமானாலும் நிறுத்துவார்கள். நான் சீட்டை மடக்கக் கையைக் கொண்டுபோனேன். துண்டு கிடந்தது. கையை எடுத்துக்கொண்டேன். நீ சோடா பாட்டிலோடு ஓடி வந்து, "அம்மா, உனக்கு வேணுமா?" என்றாய். "அப்பாவக் கூப்புடு கண்ணு, அம்மாவுக்கு நேரமாச்சுன்னு சொல்லு" என்றேன். நீ ஓடிப் போய்ச் சொன்னாய். உன் அப்பா திரும்பிப் பார்த்து, வருகிறேன் என்று கையை அசைத்தார். அண்ணன் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் போய் நிற்க அவருக்குத் தைரியம் கிடையாது. இன்னொரு பஸ் போனது. எனக்குத் தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது, அழுகைகூட வரவில்லை. உன் கதையில் நான் ஆசையாக வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேனே, அது இதுதான்.

காவேரிப்பட்டினத்தில் தெரு திரும்பும்போதே பறைச் சத்தம் கேட்டது. பெரியப்பா நிதானமாக இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அப்புறம் சீட்டை மடக்கினார். "நேரம் வந்தா யாரால தடுக்க முடியும்?" என்றார். என் அப்பா வாசலில் நின்று, "ஏம்மா இவ்ளோ நேரம்? கடைசி வரைக்கும் வாசலயே பாத்துட்டு இருந்தா" என்றார். கார் பின்னால் வரும் என்று முன்பே வந்தவர் சொல்லியிருந்தார். கார்க்காரி ஏன் பஸ்காரனுக்குப் பின்னால் வருகிறாள் என்று அங்கே எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். மகள் சாவகாசமாக வந்தாள் என்று என் அத்தைமார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

உன் ஞாபகத்தில் அந்த வண்டி சந்தோஷமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது தம்பி. உனக்கு முன் சீட்டு. ராயக்கோட்டை மலையும், ரயில் கேட்டும், எதிரில் வரும் லாரிகளும் உனக்கு முன் கண்ணாடியில் தெரிந்தன. எனக்குத் தெரிந்தது பெரியப்பாவின் பின்கழுத்து. அதில் ஒரு மரு உண்டு. நான் அந்த வண்டியில் போன ஊர்களில் எந்த ஊர் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, அந்த மருவைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவேன்.

இனி உன் கான்டெசாவுக்கு வருகிறேன். கிரானைட்டில் கையில் காசு புரண்டதும் அண்ணனும் தம்பியும் போய் வாங்கி வந்தார்கள். அதை நான் தெய்வமாகக் கும்பிடவில்லை. வீண் ஜம்பத்துக்கு வந்த வண்டிதான். அத்திப்பள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சொந்தக்காரர்கள் வயிறெரிய வேண்டும் என்பதற்காகவே வாரம் தவறாமல் பெங்களூர் போய் வந்தார்கள். ஏற்றுமதி நின்றபோது வண்டியும் போனது, தொழிலும் போனது, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் அதில் நான்கு கதவு. என் பக்கத்தில் எனக்கென்று ஒரு கதவு, ஒரு பிடி, ஏற்றி இறக்க ஒரு கண்ணாடி. முதல் நாள் அந்தக் கண்ணாடியை நான் இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றிப் பார்த்துக்கொண்டே வந்தேன். உன் அப்பா முன்னால் தொங்கும் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சின்னக் கொழந்தையா நீ?" என்றார்.

அப்போது நீ சேலத்தில் ஹாஸ்டலில் இருந்தாய். ஒரு கல்யாணத்துக்குப் பெங்களூர் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். என் அப்பா விழுந்துவிட்டார், எழுந்து நடக்க முடியவில்லை என்று கல்யாண வீட்டுக்கே போன் வந்திருந்தது. அங்கே அவருக்கு ஒரு வாய் கஞ்சி வைக்கவும் ஆளில்லை. என்னை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டால் போதும் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா முன்னால் இருந்தபடியே, "இப்ப எதுக்கு? அடுத்த வாரம் நானே கூட்டிட்டுப் போறேன். மொதல்ல வீட்டுக்குப் போலாம்" என்றார். உன் அப்பா ஒன்றும் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் லாரி ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டிருந்ததால் வண்டி நின்றது. கிருஷ்ணகிரி பஸ் கிளம்ப நின்றிருந்தது, கண்டக்டர் ஊர் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார். நான் என் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினேன். அவ்வளவுதான் தம்பி. திறந்தால் திறக்கிற கதவு. பின்னால் உன் அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது காதில் விழுந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கினேன்.

என் அப்பா பிழைத்துக்கொண்டார். அவர் எழுந்து நடமாடும் வரை கூட இருந்துவிட்டு ஓசூருக்குத் திரும்பினேன். வாசலில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து அவர் பேசவில்லை, உன் அப்பாவைப் பார்த்துப் பேசினார். "நடு ரோட்டுல கதவத் தொறந்துட்டுப் போனவ. பெரிய வண்டியில உக்காந்த திமிரு. இந்தப் படி ஏறணும்னா மன்னிப்புக் கேட்டுட்டு ஏறட்டும்." உன் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரே ஒரு வார்த்த சொல்லிடு, அண்ணன் சமாதானமாயிடுவாரு" என்றார். என் அம்மாவுக்காக அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் படி ஏறவில்லை. மத்திகிரி பக்கம் ஒரு அறை பார்த்துக்கொண்டேன், எஸ்.எஸ்.எல்.சி. படித்திருந்ததால் தொழிற்பேட்டையில் காயில் சுற்றும் வேலை கிடைத்தது. லீவுக்கு வந்த உனக்கு வீட்டில் என்ன சொன்னார்கள்? பெரிய கார் வந்தது, உன் அம்மாவுக்குத் தலை கால் புரியவில்லை, போய்விட்டாள் என்று. அதைத்தான் நீ வளர்ந்து, மெருகேற்றி, ஆளுக்கொரு ஜன்னல் ஆளுக்கொரு திசை என்று நிச்சயதார்த்தத்தில் பேசுகிறாய். கார் எதையும் உடைக்கவில்லை. இறங்கிப் போனது நான்.

உன் அப்பா கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. அண்ணன் முன்னால் வாய் வராது, அவ்வளவுதான். கடைசிக் காலத்தில் என் அறைக்கு வந்து காபி குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். நானும் பேச மாட்டேன். அவர்மேல் எனக்கு இருந்த கோபம் அவர் போன பிறகும் போகவில்லை, அதையும் உனக்கு ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நல்லவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதால் வருகிற கெடுதலை நான் அனுபவித்தவள். நீயும் நல்லவன் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

நிச்சயம் முடிந்ததும் ரூபாவை ஒரு சுற்று கூட்டிப் போகிறேன் என்று வண்டியை எடுத்தாய். துணைக்கு என்னை ஏறச் சொன்னாய், எனக்குத் தலைவலி என்று வாசலிலேயே நின்றுவிட்டேன். பெரியவர் என்ற மரியாதைக்குப் பெரியப்பாவை முன்னால் உட்கார வைத்தாய். ரூபா பின்னால். போய் வந்து நிறுத்தியதும் நீ இறங்கி, மச்சான்களுக்கு எஞ்சினைத் திறந்து காட்டப் போய்விட்டாய். பெரியப்பா இறங்காமல் வெளியே நின்றவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். இப்போது இரண்டு சீட்டும் மடங்குகிறது, நீயே சரி செய்தாய், எனக்குத் தெரியும். ஆனால் உன் சீட்டின் முதுகில் உன் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருந்தாய், அந்தப் பெண் அதைப் பார்த்தாள், பெரியப்பாவின் முதுகைப் பார்த்தாள், கையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் கிட்டே போனேன். உன் சீட்டுப் பக்கத்தில் திறந்திருந்த ஜன்னல் வழியாக மெதுவாகக் கேட்டாள்: "அத்தை, பெரியவரு எறங்கற வரைக்கும் உக்காந்திருக்கணுமா?"

"ஆமாம்மா, கொஞ்ச நேரந்தான்" என்றேன்.

நான்தான் சொன்னேன். வேறு யாரும் இல்லை. வாயில் அதுதான் வந்தது. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து என் வாயில் நானே அடித்துக்கொண்டேன்.

நேற்று கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுத் தளிக்குப் பஸ் ஏறினேன். உனக்குச் சொல்லவில்லை. ரூபாவின் அம்மா, "பன்னி, ஒளகே பன்னி" என்று கன்னடத்தில் உள்ளே கூப்பிட்டு, பூத் தோட்டத்திலிருந்து மகளை வரவழைத்தாள். நான் அந்தப் பெண்ணிடம், அன்று தப்பாகச் சொல்லிவிட்டேன், யார் உட்கார்ந்திருந்தாலும் எது கிடந்தாலும் தள்ளிவிட்டு இறங்கு என்று சொன்னேன். பிறகு, மேலே எழுதிய எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். அவள் அழவில்லை. பூப்பறித்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது அவருக்குத் தெரியுமா அத்தை?" என்றாள்.

"தெரியாது."

"நீங்க சொல்லலயா?"

"அவன் கேக்கலம்மா. இத்தன வருஷத்துல, அன்னிக்கு நீ ஏன் எறங்கலன்னு ஒரு தடவ கூட கேக்கல."

பிறகு சொன்னாள்: "அப்ப நீங்க எழுதுங்க அத்தை. ஒண்ணு விடாம எழுதுங்க. அவரு படிச்சிட்டு நேர்ல வரட்டும். அதுக்கப்பறம் மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்துக்கலாம்."

அவள் எழுதச் சொன்னதால்தான் எழுதுகிறேன் தம்பி. என் இஷ்டத்துக்கு விட்டிருந்தால் இதையும் விழுங்கிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்திருப்பேன். அதனால் எனக்குப் பதில் போடாதே, வந்து என் காலில் விழவும் வேண்டாம். தளிக்குப் போ. உனக்கு மாமியாராகப் போகிறவள் தடபுடலாகச் சமைப்பாள், அதில் ஏமாந்துவிடாதே. தேதி குறித்தது நீயும் இரண்டு வீட்டுப் பெரியவர்களும்தான், அந்தப் பெண் இன்னும் குறிக்கவில்லை. நீ பேசுவதைக் கேட்ட பிறகுதான் அவள் குறிப்பாள்.

அம்மா